அரசின் கைக்கு எட்டும் தூரம்

2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. அரசுக்கு எதிரான போராட்டங்களால் கொழும்பில் ஊரடங்கு. வெள்ளவத்தையில் எங்கள் மாடி வீட்டில் விடிந்ததும் விடியாததுமாக அம்மா கூப்பிட்டா.

"தம்பி, வட்ஸ்அப் சுத்திக்கொண்டே நிக்குது. ரொறன்ரோவுக்கு எடுக்க ஏலாமல் கிடக்கு."

என்னுடைய ஃபோனிலும் அதே கதைதான். பேஸ்புக் திறக்கவில்லை, யூடியூப் திறக்கவில்லை, ருவிட்டர் திறக்கவில்லை. ஆனால் செய்தித்தளங்கள் வந்தன, மின்னஞ்சலும் வந்தது. இணையம் போகவில்லை, யாரோ சிலவற்றை மட்டும் பார்த்து மூடியிருக்கிறார்கள் என்று விளங்கியது. பத்து மணிபோல் கீழ்வீட்டுப் பெடியன் ஏறிவந்து அம்மாவின் ஃபோனில், தடையைச் சுற்றிக்கொண்டு போக உதவும் ஒரு வி.பி.என். செயலி போட்டுவிட்டான். ரொறன்ரோவில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. தங்கச்சி நித்திரை கொள்ளாமல் காத்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் மூன்றரை போல் தடை நீங்கியது. மொத்தம் 15 மணித்தியாலம் இருக்கும். வி.பி.என். இருக்கும் காலத்தில் இப்படித் தடைபோட்டுப் பயனில்லை என்று, அன்று அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே ருவிட்டரில் எழுதினார்.

சனிக்கிழமைகளில் உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தத் தடைக்குப் பிறகு வந்த வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், அண்டைக்குப் பேஸ்புக் கம்பனியும் சம்மதிச்சுத்தானே நிப்பாட்டினது?"

இல்லை. பேஸ்புக்கிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பாதுகாப்பு அமைச்சு கேட்டுக்கொண்டதாகச் சொல்லித் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு உத்தரவிட்டது. நமக்கு இணைப்புத் தரும் நிறுவனங்கள் வழியை அடைத்தன. அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்வி என் மனத்தில் தங்கிவிட்டது. அரசு கேட்டு, கம்பனி சம்மதிப்பதும் உலகத்தில் நடக்கத்தான் செய்கிறது. அதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

தடை என்பது கடையின் கதவை இழுத்துச் சாத்துவது. தெருவில் போகிற எல்லோருக்கும் தெரியும். கோபம் வரும், பின்வாசல் தேடுவோம். சமரசம் அப்படியல்ல. கதவு திறந்தே இருக்கும், வியாபாரம் வழமைபோல் நடக்கும். ஆனால் தட்டில் சில சாமான்கள் மட்டும் இராது. ஏன் இல்லை என்று முதலாளி சொல்லமாட்டார். யார் எதை வாங்கினார்கள் என்று எழுதி வைத்திருக்கும் கடன் கொப்பியை அதிகாரி வந்து கேட்டால், எடுத்துக் கொடுத்துவிடுவார். எதேச்சாதிகார நாடுகளில் தொழில் நடத்துவதற்காகத் தொழில்நுட்பக் கம்பனிகள் செய்யும் சமரசம் என்பது இதுதான்.

எதேச்சாதிகாரம் என்ற சொல்லை இங்கே கவனமாகப் பாவிக்க வேண்டும். பொலிஸார் கம்பனிகளிடம் விபரம் கேட்பது எல்லா நாட்டிலும் உண்டு. ஒரு பிள்ளையைக் கடத்தியவனைப் பிடிக்கக் கேட்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும். கேட்பதை மறுக்க யாருக்காவது முடியுமா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. நீதிமன்றம் "இந்தக் கோரிக்கை சரியில்லை" என்று சொல்லக்கூடிய நாடு ஒன்று. அப்படிச் சொல்கிற நீதிபதி அடுத்த நாள் வேலையில் இருப்பாரா என்று தெரியாத நாடு இன்னொன்று. இரண்டாவது நாட்டில் "சட்டப்படி கேட்டார்கள், சட்டப்படி கொடுத்தோம்" என்ற பதில் ஒன்றுக்கும் உதவாது. ஆள்பவர் விரும்பியதுதான் அங்கே சட்டம்.

சமரசத்தைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு ஃபோன் போதும். பல வருடங்களுக்கு முன் என் மச்சான் துபாயிலிருந்து ஒரு ஐபோன் கொண்டுவந்தான். புத்தம் புதுசு, பெட்டி உடைக்காதது. வீட்டில் எல்லோரும் சுற்றி இருந்து பார்த்தோம். தங்கச்சியோடு ஃபேஸ்டைமில் கதைக்கலாம் என்று தேடினால் அந்தச் செயலியே அதில் இல்லை. ஃபோன் பழுதோ என்று பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது டுபாய் செட், அதில வராது" என்று சொல்லித் திருப்பித் தந்தார். அமீரகத்தில் இணையவழி அழைப்புக்குத் தொலைத்தொடர்பு அனுமதி வேண்டும். ஆகவே அங்கே விற்கும் ஃபோனை அப்பிள் அந்தச் செயலி இல்லாமலே செய்து அனுப்பியது. அமீரகத்தில் வேலை செய்கிறவர்களின் வீட்டாருக்கு இது பழக்கம். வட்ஸ்அப்பில் எழுதலாம், அழைக்க இயலாது, அதற்குப் பொட்டிம் என்ற அழைப்புச் செயலி போட வேண்டும். இதில் அரசியலைவிடத் தொலைபேசிக் கம்பனிகளின் வருமானம்தான் பெரிய காரணம். என்றாலும் பாடம் ஒன்றுதான்: அரசின் நிபந்தனை சாமானுக்குள்ளேயே வைத்துத் தைக்கப்பட்டு வருகிறது, வாங்குகிறவருக்கு யாரும் சொல்வதில்லை.

அதே ஐபோனில் பிராந்தியத்தைச் சீனப் பெருநிலம் என்று வைத்தால் தாய்வானின் கொடி இமோஜி காணாமல் போகும். சின்னஞ்சிறிய படம். அதைக்கூட விட்டுவைக்கவில்லை.

இவை ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தவை. ஒரு செயலி இல்லாமல் போனால் வேறொன்றைத் தேடலாம். மறைக்கப்பட்ட செய்தியை வேறு வழியில் படிக்கலாம். ஆளையே கொண்டுபோய்ச் சிறையில் வைத்த சமரசம் ஒன்று உண்டு. இந்த விடயத்தைப் புதிதாகப் படிக்கிற எவரும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஷி தாவோ சீனாவின் ஹூனான் மாகாணத்தில் ஒரு பத்திரிகையாளர். 2004இல் தியனன்மென் சதுக்கப் படுகொலையின் 15ஆவது ஆண்டு நெருங்கியபோது, அதைப் பற்றி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பத்திரிகைகளுக்கு மேலிடத்திலிருந்து ஓர் அறிவுறுத்தல் வந்தது. அதன் சாரத்தைத் தன் யாகூ மின்னஞ்சலிலிருந்து வெளிநாட்டிலிருந்த ஒரு ஜனநாயக இணையத்தளத்துக்கு அனுப்பினார். அனுப்பியது யார் என்று அரசு தேடியது. யாகூ அந்தக் கணக்கின் விபரத்தைக் கொடுத்தது. 2005 ஏப்ரலில், அரச இரகசியத்தை வெளியிட்டார் என்று அவருக்குப் பத்து ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

2007 நவம்பரில் அமெரிக்கக் காங்கிரஸில் இதை விசாரித்தார்கள். ஷி தாவோவின் தாயார் அந்த மண்டபத்தில் இருந்தார். யாகூவை நிறுவியவர்களில் ஒருவரான ஜெர்ரி யாங் அந்தத் தாயைப் பார்த்துத் தலைகுனிந்து வணங்கினார். விசாரணைக்குத் தலைமை வகித்த டொம் லன்ரோஸ், தொழில்நுட்பத்திலும் பணத்திலும் நீங்கள் இராட்சதர்கள், அறத்தில் குள்ளர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். பின்பு யாகூ குடும்பத்தோடு இணக்கத்துக்கு வந்தது. ஷி தாவோ விடுதலையானது 2013இல். எட்டு ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்திருக்கிறார், ஒரேயொரு மின்னஞ்சலுக்காக.

யாகூ அன்று என்ன செய்திருக்க முடியும் என்று என் மாணவர்கள் கேட்பார்கள். பொலிஸ் வந்து மேசைக்கு முன்னால் நிற்கும்போது அங்கே வேலை செய்கிற ஆள் மறுத்தால் அவரே உள்ளே போகவேண்டி வரும். அந்த நிமிடத்தில் செய்ய அதிகம் இல்லை. ஆனால் அந்த நிமிடத்துக்கு வெகுகாலம் முன்பே ஒரு முடிவு எடுக்கப்பட்டிருந்தது. சீனர்களின் கடிதங்களைச் சீன அரசின் கை எட்டுகிற இடத்தில் வைத்துத் தொழில் செய்வது என்ற முடிவு. ஷி தாவோவின் விதி அன்றே பாதி எழுதப்பட்டுவிட்டது.

இதை நான் பின்னோக்கிப் பார்த்துச் சொல்லவில்லை. அன்றே வேறொரு கம்பனி அப்படித்தான் யோசித்தது. 2006 ஜனவரியில் கூகுள் சீனாவுக்கென்று தனித் தேடுதளம் திறந்தது. அதில் அரசு விரும்பாத முடிவுகளை நீக்கித் தருவதற்கு ஒப்புக்கொண்டது. அதுவும் சமரசம்தான், கடுமையான கண்டனமும் வந்தது. நீக்கும்போது பக்கத்தின் அடியில் "சில முடிவுகள் நீக்கப்பட்டுள்ளன" என்று ஒரு வரி போட்டது. ஆனால் ஜிமெயிலையும் பிளாக்கரையும் சீனாவுக்குள் கொண்டுபோக மறுத்தது. மனிதர்களின் சொந்த எழுத்தும் கடிதமும் அங்கே இருந்தால் ஒருநாள் கேட்பார்கள், கேட்டால் கொடுக்கவேண்டி வரும், ஆகவே அங்கே வைப்பதில்லை என்பது கணக்கு. 2009இன் இறுதியில் கூகுள்மீது சீனாவிலிருந்து ஊடுருவல் தாக்குதல் நடந்தது. சீன மனித உரிமைச் செயற்பாட்டாளர்களின் ஜிமெயில் கணக்குகள் குறிவைக்கப்பட்டன. அதன்பிறகு இனி வடிகட்டமாட்டோம் என்று சொல்லி, 2010 மார்ச் மாதம் தேடுதலை ஹொங்கொங்குக்குத் திருப்பிவிட்டது. போகும்போது கையளித்துவிட்டுப் போவதற்கு அங்கே கடிதப் பெட்டிகள் இருக்கவில்லை.

இதில் கூகுளைப் புகழ்வது என் நோக்கமல்ல. 2018இல் சீனாவுக்கு மறுபடியும் வடிகட்டிய தேடுதளம் ஒன்றை இரகசியமாகத் தயாரிக்கிறது என்று செய்தி கசிந்தது. ட்ராகன்ஃப்ளை என்பது அதன் பெயர். சுமார் 1,400 ஊழியர்கள் கையொப்பமிட்டு எதிர்த்தார்கள். 2019இல், திட்டம் கைவிடப்பட்டது என்று கூகுள் அமெரிக்க செனட்டில் சொன்னது. கம்பனிகளுக்குள்ளும் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களின் எதிர்ப்புக்குப் பலன் இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அது.

இனி சேர்வர் என்றால் என்ன என்று இரண்டு வரி. எங்கோ ஒரு கட்டடத்தில், குளிரூட்டிய அறைக்குள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிதான் அது. கிளவுட் என்று மேகத்தின் பெயரைச் சொன்னாலும் உங்கள் படங்கள் வானத்தில் இல்லை. நிலத்தில்தான் இருக்கின்றன, ஏதோ ஒரு நாட்டின் நிலத்தில். அந்த நாட்டின் பொலிஸ் அந்தக் கதவைத் தட்டலாம்.

அப்பிளின் கதை இங்கேதான் வருகிறது. சீனர்களின் தரவு சீனாவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று 2017இல் அங்கே சட்டம் வந்தது. 2018 பெப்ரவரி 28 முதல் சீனப் பாவனையாளர்களின் ஐகிளவுட்டைக் குயிசோ மாகாண அரசுக்குச் சொந்தமான ஒரு நிறுவனம் நடத்தத் தொடங்கியது. தரவு மட்டும் போகவில்லை, பூட்டைத் திறக்கும் சாவிகளும் சீனாவுக்குப் போயின. அதற்கு முன் சாவிகள் அமெரிக்காவில் இருந்தன. ஒருவரின் படங்களைப் பார்க்கச் சீன அரசு அமெரிக்கச் சட்டத்தின் வாசலில் வந்து நிற்க வேண்டும். இப்போது அந்தப் பயணம் தேவையில்லை. சாவிகள் இன்னும் தன் கட்டுப்பாட்டில்தான் என்று அப்பிள் சொல்கிறது. இருக்கலாம். ஆனால் சாவியை வைத்திருக்கிறவர் எந்த நாட்டில் நிற்கிறார் என்பதை அரசு பார்க்கும், நாமும் பார்க்க வேண்டும். ஷி தாவோவின் கதை எல்லோருக்கும் தெரிந்த பிறகு இது நடந்தது என்பதுதான் எனக்குத் தாங்காதது.

சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவைப் பூட்டி வைப்பதை மறையாக்கம் என்று சொல்வார்கள். ஐகிளவுட்டின் சாதாரண அமைப்பில் பெரும்பாலானவற்றுக்குச் சாவி கம்பனியிடமும் உண்டு. வட்ஸ்அப்பில் 2016 முதல் செய்தியின் சாவி உங்கள் ஃபோனிலும் எதிரில் இருப்பவரின் ஃபோனிலும் மட்டும் இருக்கிறது. நடுவில் நிற்கும் கம்பனி விரும்பினாலும் செய்தியைத் திறந்து கொடுக்க முடியாது. (யார் யாரோடு, எப்போது, எத்தனை தடவை தொடர்புகொண்டார் என்பது அப்போதும் தெரியும். அதுவும் சின்ன விடயமல்ல.) கொடுக்க எதுவும் இல்லாத சேவையை எதேச்சாதிகார அரசு வைத்திருக்க விரும்பாது. 2017இல் வட்ஸ்அப்பைச் சீனா அடைத்தது. 2024 ஏப்ரலில் அரசு சொன்னதும் அப்பிள் அதைச் சீனக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது.

சரி, சேர்வரை மட்டும் வெளியே வைத்தால் போதுமா? போதாது. அரசுக்குப் பிடிக்க வேறு பிடிகளும் உண்டு.

வியட்நாமில் நடந்ததைப் பாருங்கள். 2020இன் தொடக்கத்தில் அங்கே பேஸ்புக் ஊர்ந்து ஊர்ந்து ஓடியது. ஏறக்குறைய ஏழு வாரம். வேகத்துக்காக அந்த நாட்டுக்குள் வைத்திருந்த சேர்வர்களை அரசின் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நிறுத்திவிட்டன என்று ரொய்ட்டர்ஸ் வெளியிட்டது. அரசுக்கு எதிரானவை என்று சொல்லப்படும் பதிவுகளை இன்னும் கூடுதலாக மறைக்கச் சம்மதித்த பிறகே வேகம் திரும்பியது. மனமில்லாமல் இணங்கினோம் என்று பேஸ்புக் ஒப்புக்கொண்டது. சேவையை முழுக்க அடைத்தால் 2022இல் நாங்கள் செய்ததுபோல மக்கள் வி.பி.என். தேடுவார்கள். மெதுவாக்கினால் சலித்துப்போய்க் கம்பனியைத் திட்டுவார்கள். வியட்நாம் அரசு இதை நன்றாக அறிந்து வைத்திருந்தது.

ரஷ்யாவில் பிடித்தது ஆட்களை. 2021 செப்டெம்பர் 17, பாராளுமன்றத் தேர்தலின் முதல் நாள். எதிரணி அரசியல்வாதி அலெக்ஸி நவால்னியின் குழு, எந்தத் தொகுதியில் யாருக்கு வாக்களித்தால் ஆளுங்கட்சி தோற்கும் என்று சொல்லும் செயலியொன்றை வெளியிட்டிருந்தது. அன்று காலை அதை அப்பிளும் கூகுளும் தங்கள் கடைகளிலிருந்து நீக்கின. நீக்காவிட்டால் ரஷ்யாவிலிருக்கும் உங்கள் ஊழியர்கள்மீது வழக்குப் போடுவோம் என்று மிரட்டியிருந்தார்கள். அதற்கு முந்திய ஜூலையில்தான், நாளுக்கு 5 இலட்சம் பேருக்கு மேல் பாவிக்கும் வெளிநாட்டுக் கம்பனிகள் ரஷ்யாவில் காரியாலயம் திறந்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது வரி, பதிவு சம்பந்தமான சாதாரண சட்டம்போலத் தெரியும். காரியாலயம் திறந்தால் அங்கே ஆட்கள் இருப்பார்கள், ஆட்களுக்குக் குடும்பம் இருக்கும். அந்த நாளில் "முடியாது" என்று சொல்லும்படி ஒரு கம்பனியைக் கேட்பது, மொஸ்கோவிலிருக்கும் யாரோ ஒரு ஊழியரைச் சிறைக்குப் போகச் சொல்வது. நான் அப்படிக் கேட்கமாட்டேன். ஊழியர்களை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது யார் என்றுதான் கேட்பேன்.

எல்லாக் கம்பனியும் எல்லா இடத்திலும் வளைவதில்லை. லிங்க்ட்இன் 2014இல் சீனாவின் நிபந்தனைகளை ஏற்று உள்ளே போனது. ரஷ்யா தரவை உள்நாட்டில் வைக்கச் சொன்னபோது வைக்கவில்லை, 2016இல் அங்கே தடைசெய்யப்பட்டது. ஒரே கம்பனி, இரண்டு பதில். கொள்கைக்குச் சந்தையின் அளவோடு தொடர்பு இருக்கிறது என்று நினைக்கத்தான் தோன்றுகிறது. 2023இல் அப்பிளின் விற்பனையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சீனாவையும் அதைச் சூழ்ந்த சந்தைகளையும் சேர்ந்ததாக இருந்தது. ஃபோன்களில் பெரும்பகுதி பொருத்தப்படுவதும் அங்கேதான். அப்படிப்பட்ட இடத்தில் பேரம் பேச அவர்களுக்கு வலு குறைவு.

கம்பனிகள் சொல்லும் நியாயத்தையும் கேட்க வேண்டும். நாங்கள் போய்விட்டால் மக்களுக்கு இதுவும் இல்லாமல் போகும், உள்ளூர்க் கம்பனி வந்து இதைவிட மோசமாக நடக்கும் என்கிறார்கள். இந்த வாதத்தை நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். குறைந்த தகவலும் தகவல்தான். கடிதம் எழுதவும் பாட்டுக் கேட்கவும் எதேச்சாதிகார நாட்டு மக்களுக்கும் உரிமை உண்டு. ஆனால் உள்ளே இருப்பதால் யாருக்கு நன்மை, அந்த நன்மைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். தேடுதளத்தில் சில முடிவுகள் மறைந்தால் விலையை எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள். கணக்கு விபரத்தைக் கையளித்தால் முழு விலையையும் ஒரு மனிதர் கொடுக்கிறார்.

வெளியேறினால் கை சுத்தமாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு மியன்மாரைச் சொல்வேன். நமக்குப் பக்கத்துக் கடல்தான்.

நோர்வேயின் டெலினோர் 2014இல் மியன்மாரில் கைத்தொலைபேசிச் சேவை தொடங்கியது. இராணுவ ஆட்சி தளர்ந்து நாடு திறந்துகொண்டிருந்த காலம். சிம் மலிவாக வந்தது, சனம் சந்தோஷப்பட்டது. வாடிக்கையாளர்கள் சுமார் 1 கோடி 80 இலட்சம் வரை பெருகினார்கள். 2021 பெப்ரவரி 1 அன்று இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அழைப்புகளை ஒட்டுக்கேட்கும் கருவியை இயக்கச் சொல்லி அழுத்தம் வந்தது. அதைச் செய்யமாட்டோம், ஊழியர்களையும் ஆபத்தில் வைக்கமாட்டோம் என்று சொல்லி, ஜூலையில் தொழிலையே விற்க முடிவுசெய்தது. மறுத்துவிட்டு வெளியேறுகிறார்கள், சரியான முடிவென்று பலர் நினைத்திருப்பார்கள். ஆனால் விற்பது என்றால் என்ன? கோபுரங்களும் கடைகளும் மட்டும் கைமாறுவதில்லை. யார் யாருக்கு எப்போது அழைத்தார்கள், எந்த இடத்திலிருந்து அழைத்தார்கள் என்ற பதிவுகளும் சேர்ந்தே போகின்றன. வாங்கியது லெபனானின் எம்1 குழுமம். அதோடு கூட்டுச் சேர்ந்தது இராணுவத்தோடு தொடர்புள்ள உள்ளூர் நிறுவனம். மியன்மாரின் 474 சிவில் அமைப்புகளின் சார்பில் முறைப்பாடு செய்யப்பட்டது. என்றாலும் 2022 மார்ச்சில் கைமாற்றம் முடிந்தது. ஊர்வலம் போன இளைஞர் ஒருவரின் அழைப்புப் பதிவு இன்று எங்கே இருக்கிறது என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. டெலினோர் வந்த நாளில் எவரும் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. அவர்கள் சேர்த்த பதிவு அவர்களைவிட நீண்டகாலம் அங்கே இருந்துவிட்டது.

நமது நாட்டுக்கு வருவோம். இலங்கையைச் சீனாவோடும் ரஷ்யாவோடும் ஒரே வரிசையில் வைப்பது தவறு. வாக்குப் போட்டு ஆட்சியை மாற்றியிருக்கிறோம். ஆனால் 2007இல் தமிழ்நெட் செய்தித்தளம் இங்கே அடைக்கப்பட்டது. 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான திகனக் கலவரத்தின்போதும், 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் சமூக ஊடகங்கள் அடைக்கப்பட்டன. தடை நமக்குப் புதிதல்ல.

திகனவைப் பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். அன்று அரசு கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. முஸ்லிம்களை வெட்டு, கொல்லு என்று சிங்களத்தில் பதிவுகள் ஓடின. முறைப்பாடு செய்தவர்களுக்குப் பேஸ்புக்கிடமிருந்து உரிய பதில் வரவில்லை. சிங்களம் படித்து முடிவெடுக்கப் போதிய ஆட்களே அவர்களிடம் இருக்கவில்லை. தடைபோட்ட பிறகுதான் பேஸ்புக் அதிகாரிகள் கொழும்புக்கு விமானம் ஏறி வந்தார்கள். 2020 மே மாதம் மன்னிப்பும் கேட்டார்கள். ஆகவே அரசு சொல்வதைக் கேட்கும் கம்பனி கெட்டது, கேட்காத கம்பனி நல்லது என்று கோடு கிழித்துவிட முடியாது. திகனவில் எரிந்த கடைக்குச் சொந்தக்காரருக்கு, அரசின் சொல்லைக் கம்பனி முந்தியே கேட்டிருந்தால் நல்லதாக இருந்திருக்கும்.

மாவீரர் நாள் வரும் நவம்பர் மாதங்களில் நம்மவர் பலர் இன்னொன்றைச் சொல்வார்கள்: படம் போட்டேன், பேஸ்புக் தூக்கிவிட்டது, அரசாங்கம் சொல்லித்தான் தூக்கியிருக்கும் என்று. இங்கே இரண்டு விடயம் கலந்துவிடுகிறது. விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997இல் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. பேஸ்புக்கின் சொந்தத் தடைப்பட்டியலிலும் அந்தப் பெயர் உண்டு. கொழும்பிலிருந்து எவரும் கேட்காமலேயே அந்த விதி வேலை செய்யும், ரொறன்ரோவில் இருக்கும் கணக்கின்மீதும் வேலை செய்யும். அந்த விதியின் நியாய அநியாயத்தைத் தனியாகப் பேச வேண்டும். ஒரு நாட்டு அரசு கேட்டு மறைத்தால், பெரும்பாலும் அந்த நாட்டுக்குள் மட்டும் மறையும். வெளிநாட்டிலிருக்கும் உறவினரிடம் திறந்து பார்க்கச் சொன்னால் அவருக்குத் தெரியும். ஏதாவது காணாமல் போனால் முதலில் செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை இது.

2024 ஜனவரி 24 அன்று நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 108க்கு 62 என்ற வாக்குகளால் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. தடைசெய்யப்பட்ட கூற்று எது என்று தீர்மானிக்கவும் அதை நீக்கச் சொல்லவும் ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழுவுக்கு அது அதிகாரம் தருகிறது. கூகுள், மெட்டா (பேஸ்புக்கின் தாய்க் கம்பனி), அப்பிள், அமேசன் போன்றவை அங்கம் வகிக்கும் ஆசிய இணையக் கூட்டமைப்பு, இந்தச் சட்டத்தோடு தொழில் செய்ய முடியாது என்ற தொனியில் எதிர்த்தது. பத்திரிகையாளர்களும் எதிர்த்தார்கள். இரண்டு எதிர்ப்பும் ஒரு பக்கம் நின்றதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் ஒரு நினைப்பும் கூடவே வந்தது: நமது சந்தை சிறியது. சிறிய சந்தையில் கம்பனி துணிந்து எதிர்க்கலாம், இழக்க அதிகமில்லை. அதே காரணத்தால் நமக்காக நெடுநாள் மல்லுக்கட்டவும் அதற்குப் பெரிய அவசியம் இல்லை.

போன மாதம் வகுப்பில் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது இன்னொரு மாணவி கையுயர்த்தினாள். "சேர், அப்ப என்ர ஜிமெயில் ஆற்ற கைக்கு எட்டும்?"

நீயே பார் என்றேன். ஃபோனில் கூகுளின் நிபந்தனைகளைத் திறந்தாள். இதுவரை வாசிக்காமலே "சம்மதம்" என்று அழுத்திவந்த பக்கம். சேவையை வழங்குபவர் யார் என்ற இடத்தில் கூகுள் எல்.எல்.சி. என்று இருந்தது, அமெரிக்க நிறுவனம், கலிஃபோர்னியச் சட்டம். அடுத்ததாக, எந்த அரசு எத்தனை தடவை விபரம் கேட்டது, எத்தனை தடவை கொடுத்தோம் என்று கம்பனிகள் வெளியிடும் வெளிப்படைத்தன்மை அறிக்கையைக் காட்டினேன். மெட்டாவின் அறிக்கையில் இலங்கைக்கும் ஒரு பக்கம் உண்டு. பின்வாங்கிலில் இருந்தவர்களும் எழும்பி வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் தன் குறிப்புப் புத்தகத்தில் மூன்று நிரல் போட்டு, செயலி, கம்பனி, நாடு என்று தலைப்பிட்டு நிரப்பத் தொடங்கினான். ஜிமெயில், அமெரிக்கா. வட்ஸ்அப், அமெரிக்கா. டிக்டொக் வந்ததும் பேனை நின்றது. அதற்கு அடுத்த கிழமை பார்ப்போம் என்றேன்.

"சிம்மையும் போடவோ சேர்?" என்று கேட்டான்.

போடு என்றேன். யாருக்கு அழைத்தோம், எந்தக் கோபுரத்துக்குக் கீழே நின்று அழைத்தோம் என்ற பதிவு அந்தக் கம்பனியிடம் இருக்கிறது. மூன்றாவது நிரலில் அவன் கொழும்பு என்று எழுதினான்.